மர்ம தேசத்தின் தலைநகர் மதுரை

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். 1958 நவம்பர் 13-இல் சேலத்தில் பிறந்தவர். இன்னும் மூன்றே நாள் இருந்திருந்தால் 66 வயது நிறைந்திருக்கும். முன்னூறுக்கும் மேற்பட்ட நாவல்கள், நூறைத் தாண்டிய தொடர்கள், எண்ணற்ற சிறுகதைகள், ஆன்மிகச் சொற்பொழிவுகள் என்று ஓயாமல் உழைத்தவர். இந்த முறை கேள்வி-பதில் முழுவதும் அவருக்காக.

கேள்வி (செல்லூர் வாசகி): நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத மனிதருக்காக அழுதேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். நான் அழுதது தப்பா?

பதில்: தப்பே இல்லை. உலகம் இதைவிடப் பெரிய அழுகைகளைப் பார்த்திருக்கிறது. 1893 டிசம்பரில் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார் ஆர்தர் கானன் டாயில். வாசகர்கள் கொதித்துப்போய் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையின் சந்தாவை ஆயிரக்கணக்கில் நிறுத்தினார்கள். கடைசியில் டாயிலே இறங்கி வந்து, 1903-இல் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். 1975 ஆகஸ்டில் அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பாய்ரோவுக்கு ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்திலேயே இரங்கல் செய்தி வெளியிட்டது. இந்த இருவரும் பிறக்கவே இல்லாத ஆட்கள். இந்திரா சௌந்தர்ராஜனோ உங்கள் ஊரில், உங்களோடு ஒரே வெயிலில் நடந்தவர். ராத்திரி விளக்கை அணைக்கவிடாமல் உங்களை உட்கார வைத்தவர். கேலி செய்கிறவர்கள் கையில் ‘கோட்டைப்புரத்து வீடு’ நாவலைக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலையில் கண் சிவந்திருப்பது அவர்களுக்குத்தான்.

கேள்வி (திருமங்கலம் வாசகர்): மர்மக் கதை எழுதியவரின் மரணத்தில் ஏதாவது மர்மம் உண்டா?

பதில்: இல்லை. வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்றுதான் செய்திகள் வந்தன. இதில் அமானுஷ்யத்தைத் தேட வேண்டாம். ஈரத் தரையைத்தான் பார்க்க வேண்டும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் வயதானவர்களே அதிகம். வீட்டில் அறுபதைக் கடந்தவர் இருந்தால், இந்த வாரமே குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். வழுக்காத தரை விரிப்பு ஒன்று போடுங்கள். இரவில் எரியும் ஒரு சின்ன விளக்கும் போதும். அவருடைய வாசகர்களில் பலர் இன்று அந்த வயதில் இருக்கிறார்கள்.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): எழுத்தாளர் என்றாலே சென்னைக்கு ரயில் ஏறுவார்கள். இவர் மட்டும் மதுரையிலேயே இருந்துவிட்டாரே. மதுரை அவருக்கு என்ன கொடுத்தது?

பதில்: கதைக்கான களத்தையும், பாதிக் கதையையும் கொடுத்தது!

மதுரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் அழகர்கோவில். உள்ளே பெருமாள், வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி. கருப்பருக்கு அங்கே சிலை கிடையாது. சாத்திய கதவுக்குத்தான் சந்தனம் சாத்துகிறார்கள், மாலை போடுகிறார்கள், அரிவாளைக் காணிக்கையாக வைக்கிறார்கள். மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வந்தார்கள், பிடிபட்டார்கள், படிகளுக்குக் கீழே புதைக்கப்பட்டார்கள் என்பது அந்த இடத்தின் கதை. திருடியவன், கடன் வாங்கி இல்லை என்றவன், பங்காளியின் நிலத்தை அமுக்கியவன் எல்லோரையும் இந்தக் கதவுக்கு முன்னால் சத்தியம் செய்யக் கூட்டிவருவார்கள். போலீஸிடம் கூசாமல் பொய் சொன்னவன் இங்கே நாக்கு குழறுவான்.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரை கிளம்பும்போது, கூடப் போகும் நகைகளின் பட்டியலைக் கருப்பர் முன்னால் வாசிப்பது வழக்கம். திரும்பி வந்ததும் மறுபடி கணக்குப் பார்ப்பார்கள். ஆற்றில் இறங்கும் கூட்டம், அழகரோடு போகும் நகைப் பெட்டி, வாசலில் காத்திருக்கும் காவல் தெய்வம். ஒரு மர்மக் கதைக்காரன் இதற்கு மேல் எதைக் கேட்பான்?

மதுரையின் இன்னொரு பக்கம் போனால் கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில் அய்யனார், பெரிய பெரிய குதிரைகள். மேற்கே சித்தர்கள் நடமாடுவதாகச் சொல்லும் சதுரகிரி. வடமேற்கே போகர் செய்ததாக நம்பப்படும் சிலை இருக்கும் பழனி. மதுரையைச் சுற்றி ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் இத்தனையும் அடங்கிவிடும். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவர் இதையெல்லாம் ‘ஆராய்ச்சி’ செய்து சேர்க்க வேண்டும். இவருக்கு டீக்கடைப் பேச்சிலேயே கிடைத்தது. அவருடைய கிராமங்கள் நம்பும்படி இருந்ததற்குக் காரணம், அந்தக் கிராமத்து மனிதர்கள் பேய்க்குப் பயப்படுவதைப்போலவே வட்டிக்காரனுக்கும் பயந்ததுதான்.

கேள்வி (தேனி வாசகர்): எனக்கு அவர் ‘மர்ம தேசம்’ வழியாகத்தான் தெரியும். புத்தகம் படித்ததில்லை. நான் அவருடைய வாசகன் என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. 1990-களின் பிற்பகுதியில் ‘மர்ம தேசம்’ ஓடிய நேரத்தில் தெரு காலியாக இருந்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவருடைய வாசகர்கள்தான். கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிப்பு, நாகாவின் இயக்கம், சன் தொலைக்காட்சியில் வாரம் ஒரு பகுதி. நவபாஷாண லிங்கத்தைச் சுற்றிச் சுழன்ற ‘ரகசியம்’, அதன் பிறகு ‘விடாது கருப்பு’. ராத்திரி குதிரைக் குளம்பொலி கேட்டால் மறுநாள் யாரோ ஒருவன் தண்டிக்கப்பட்டிருப்பான். குற்றவாளி ஆளா, சாமியா என்று ஊரே பந்தயம் கட்டியது. வாரம் ஒருமுறை மட்டும் வந்ததால் நடுவில் இருந்த ஆறு நாளும் வாசகர்கள் தாங்களே துப்பறிந்தார்கள். பள்ளிக்கூடத்தில், தறிக்கூடத்தில், பஸ்ஸில் என்று ஆளாளுக்கு ஒரு முடிவு வைத்திருந்தார்கள். இன்று ஒரே மூச்சில் எல்லாப் பகுதிகளையும் பார்த்து முடிக்கலாம். ஆனால் அந்த ஆறு நாள் கிடைக்காது.

‘விடாது கருப்பு’ தொடருக்கு மூலம் ‘விட்டு விடு கருப்பா’ நாவல். அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி (நாகமலை புதுக்கோட்டை, கல்லூரி மாணவர்): பேய், மறுபிறவி, சித்தர் என்று எழுதி மூடநம்பிக்கையைத்தானே வளர்த்தார்? அவருக்கு எதற்கு இவ்வளவு துக்கம்?

பதில்: நியாயமான கேள்வி. பூசி மெழுகாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

அவர் தெய்வ நம்பிக்கை உள்ளவர், அதை மறைத்ததும் இல்லை. ஆனால் அவருடைய நல்ல கதைகளில் நம்புகிறவனுக்குச் சமமான இடம் நம்பாதவனுக்கும் இருக்கும். ஊர்ப் பெரியவர் “சாமி குத்தம்” என்பார். மருத்துவமோ அறிவியலோ படித்து வந்தவர் அதை மறுப்பார். இருவரில் எவரையும் முட்டாளாக்கிச் சிரிக்க மாட்டார். ‘விடாது கருப்பு’ மனநல மருத்துவத்தையும் காவல் தெய்வத்தையும் ஒரே முற்றத்தில் எதிரெதிரே உட்கார வைத்தது. கிராமத்து வீடுகளில் மனநோய் என்ற பேச்சையே எடுக்காத காலம் அது. ‘ரகசியம்’ கதையில் மனிதர்களை ஆட்டிவைப்பது ஆவி அல்ல, பேராசை. படித்தவன் கைபடும்போதுதான் அது இன்னும் ஆபத்தாகிறது.

அதே சமயம், பிற்காலப் புத்தகங்கள் சிலவற்றில் சொற்பொழிவாளர் கதாசிரியரை ஓரம் கட்டிவிட்டார் என்பதும் உண்மை. சந்தேகம் இருந்த இடத்தில் தீர்ப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. கதவு பாதி திறந்திருந்தபோதுதான் அவருடைய கதை பயமுறுத்தியது. முழுதாகத் திறந்து உள்ளே யார் என்று காட்டியபோது பயம் போய்விட்டது. எதையும் நம்பாத வாசகரும் அவருடைய முதல் இருபதாண்டு எழுத்தை நம்பிக் கையில் எடுக்கலாம்.

கேள்வி (மேலூர் வாசகர்): அவர் கதையில் வரும் நவபாஷாணம் எங்கே கிடைக்கும்? மணியாகச் செய்து விற்கிறார்களாமே?

பதில்: வாங்காதீர்கள். பாஷாணம் என்றால் நஞ்சு. சித்த மருத்துவம் சொல்லும் பாஷாணங்களில் பாதரசமும் ஆர்சனிக்கும் சேர்ந்த சரக்குகள் உண்டு. முறையாகப் படித்த சித்த மருத்துவர்களே பயந்து கையாளுகிறவை. கடையில் தொங்கும் மணியில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கும் தெரியாது. அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குடிப்பதை அவர் கதையில் வரும் வில்லன்கூடச் செய்ய மாட்டான்.

கேள்வி (அலங்காநல்லூர் வாசகர்): ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன். யார் பெரியவர்?

பதில்: மாடு பிடிக்கும் ஊரிலிருந்து வரும் கேள்வி இப்படித்தான் இருக்கும்! இங்கே பரிசு அறிவிப்பு கிடையாது. வித்தியாசத்தை மட்டும் சொல்லலாம். துப்பறிய சுஜாதாவுக்கு கணேஷ்-வசந்த், தமிழ்வாணனுக்குச் சங்கர்லால், கோவை ராஜேஷ்குமாருக்கு விவேக்-ரூபலா, பிரபாகருக்கு பரத்-சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்-வைஜயந்தி. இந்திரா சௌந்தர்ராஜனின் வாசகரிடம் அவருடைய துப்பறிவாளர் பெயரைக் கேளுங்கள், யோசிப்பார். ஊர்ப் பெயரையும் கோயிலையும் கேளுங்கள், உடனே சொல்வார். மற்றவர்கள் ஆளைப் படைத்தார்கள், இவர் இடத்தைப் படைத்தார்.

கேள்வி (அண்ணாநகர் வாசகி): வெளிநாட்டில் வளரும் பேத்திக்குத் தமிழ் படிக்க வராது. ஆங்கிலத்தில் ஏதாவது உண்டா?

பதில்: சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008-இல் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளின் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பு. ராஜேஷ்குமார், சுபா, புஷ்பா தங்கதுரை இவர்களோடு இந்திரா சௌந்தர்ராஜனின் மறுபிறவிக் கதை ஒன்றும் அதில் இருக்கிறது. பேத்தி அதைப் படித்துவிட்டு, “பாட்டி, அடுத்தது?” என்று கேட்டால், வாரம் ஒரு அத்தியாயம் நீங்களே போனில் வாசித்துக் காட்டுங்கள். நல்ல இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி (சோழவந்தான் வாசகர்): தொடர்கதை நடுவில் இருக்கும்போது எழுத்தாளர் இறந்துவிட்டால் கதை என்ன ஆகும்?

பதில்: ஒவ்வொரு கதைக்கும் ஒரு விதி. 1954 டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அப்பாவின் குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி எழுதி முடித்தார். துக்கத்துக்கு நடுவே ஒரு பெண் பேனாவை எடுத்தாள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது. சார்லஸ் டிக்கன்ஸ் 1870-இல் இறந்தபோது, அவருடைய ஒரு மர்மக் கதை சரிபாதியில் நின்றது. கொலை நடந்ததா, செய்தது யார் என்று நூற்றைம்பது ஆண்டுகளாக விவாதம் ஓயவில்லை. வங்காளத்தில் பியோம்கேஷ் பக்‌ஷியைப் படைத்த சரதிந்து பந்தோபாத்யாய் 1970-இல் போனபோதும் ஒரு கதை முடியாமல் நின்றது. அகதா கிறிஸ்டி மட்டும் ரொம்ப முன்யோசனைக்காரர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இரண்டு கடைசி நாவல்களை எழுதிப் பூட்டி வைத்துவிட்டார். அதில் ஒன்று 1976-இல், அவர் மறைந்த பிறகு வந்தது.

கேள்வி (பரவை வாசகி): என் கணவர் பேருந்து நிலையக் கடைகளில் வாங்கிச் சேர்த்த பாக்கெட் நாவல்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவரும் இல்லை, எழுதியவரும் இல்லை. பழைய பேப்பர்காரரிடம் போட மனம் வரவில்லை.

பதில்: போடவே போடாதீர்கள், அம்மா. அந்தப் புத்தகங்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை. அந்தக் காகிதத்தில் உள்ள அமிலமே அதை மஞ்சளாக்கி, ஓரத்தில் நொறுங்க வைக்கும். இரும்புப் பெட்டியிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம், நிழலில் காற்றாட வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அது உருகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் ஏறாத அலமாரியில் படுக்க வைத்து அடுக்குங்கள். பூச்சிக்கு வசம்புத் துண்டு போதும்.

பிறகு ஒரு நோட்டில் தலைப்பு, இதழின் பெயர், மாதம், ஆண்டு, விலை இவற்றை எழுதுங்கள். பாக்கெட் நாவல்களை வாங்கியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், சேர்த்து வைத்த நூலகங்கள் மிகக் குறைவு. பழைய தமிழ் அச்சு நூல்களைப் பாதுகாக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இருக்கிறது. மதுரையில் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கொடுக்க மனம் வரும் நாளில், பட்டியலோடு போய்க் கேளுங்கள். அட்டையின் உள்பக்கத்தில் உங்கள் கணவர் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தால் அதை அழிக்க வேண்டாம். எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் எதை வாங்கிப் படித்தார்கள் என்று பின்னால் ஒருவர் தேடும்போது அந்தக் கையெழுத்து சாட்சி சொல்லும்.

கேள்வி (வாடிப்பட்டி வாசகர்): ‘விடாது கருப்பு’ கடைசிப் பகுதி ஓடியபோது எங்கள் ஊரில் கரண்ட் போய்விட்டது. யார் அந்தக் கருப்பு? இப்போதாவது சொல்லுங்களேன்!

பதில்: மாட்டோம். இரண்டு வழி இருக்கிறது. நாவலைப் படியுங்கள், இல்லையென்றால் யூடியூபில் முதல் பகுதியிலிருந்து பாருங்கள். கரண்ட் இருக்கும்போது தொடங்குங்கள், கடைசிப் பகுதிக்கு முன்னால் மொபைலில் சார்ஜ் போட்டுவிடுங்கள்.