சூரியன் மேல் ஒரு வழக்கு

19ஆம் நூற்றாண்டு லண்டனில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வியாபாரம் படுத்துக்கொள்ளும். 1825, 1836, 1847, 1857, 1866. குற்றவாளி யார்? வங்கிக்காரர்களின் பேராசை என்று சொன்னால் மறுநாள் விருந்துக்குக் கூப்பிடமாட்டார்கள். பொருளியல் பேராசிரியர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் இருந்த, எதிர்வழக்குப் போடாத ஓர் ஆசாமியைப் பிடித்தார்: சூரியன்.

சூரியனின் கரும்புள்ளிகள் கூடிக் குறைய 11.1 ஆண்டு ஆகும் என்பது அன்றைய கணக்கு. 1875இல் பழங்கால ஆங்கிலத் தானிய விலைகளுக்குள் அந்தச் சுழற்சியைத் தேடினார், கிடைத்தது. உற்சாகமாகத் திரும்பப் போட்டுப் பார்த்தால் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆண்டுச் சுழற்சிகளும் அதே அழகில் கிடைத்துத் தொலைத்தன. கட்டுரையைச் சுருட்டி உள்ளே வைத்தார்.

ஆளை விட்டாரா? இல்லை. நெருக்கடிகளுக்கு இடைவெளி பத்தரை ஆண்டுதான், 11.1 இல்லை என்று உதைத்தது. அந்த நேரம் பார்த்து ப்ரௌன் என்பவர் சூரியச் சுழற்சி 10.45 ஆண்டுதான் என்றார். ஜாதகம் பொருந்தாதபோது தரகர் பெண்ணின் பிறந்த நேரத்தையே திருத்திக்கொண்டு வருவாரே, அப்படி. ஜெவன்ஸ் உடனே முகூர்த்தம் குறித்தார். 18ஆம் நூற்றாண்டில் நெருக்கடி சரியாக அகப்படாத வருஷங்களையும் கேள்விக்குறி போட்டுப் பட்டியலில் உட்காரவைத்தார்.

சரி, புள்ளிக்கும் லண்டன் வங்கிக்கும் நடுவே யார்? நாம்தான். புள்ளி மாறினால் இந்தியாவில் விளைச்சல் மாறும், விளையாவிட்டால் இந்தியன் இங்கிலாந்துச் சரக்கை வாங்கமாட்டான், லண்டன் கவிழும். இங்கே தாது வருடப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த 1877இல், டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் என்ற அதிகாரியும் சென்னை மழைக்கணக்கைக் கரும்புள்ளியோடு பொருத்திக்கொண்டிருந்தார். பழி சூரியன் தலையில் விழுந்தால் வைஸ்ராய் லிட்டனுக்கு வியர்க்காது.

இந்தக் கும்மாளத்துக்கு அணை போட வந்தவர் புள்ளியியலாளர் உட்னி யூல். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் விகிதத்தையும் நாட்டின் இறப்பு விகிதத்தையும் எடுத்தார். ஒட்டுறவுக் கெழு 0.9512! பாதிரியார் முன்னால் மோதிரம் மாற்றாதிருந்தால் சாவே இல்லை என்று அர்த்தம். விஷயம் வேறொன்றுமில்லை, இரண்டும் வருஷாவருஷம் இறங்கிக்கொண்டிருந்தன. இந்த வருஷத்து எண் போன வருஷத்து எண்ணைப் பிடித்துக்கொண்டே நடக்கும் தொடர்களில், சம்பந்தமே இல்லாத இரண்டும் தாயும் பிள்ளையுமாகத் தெரியும். 1926இல் அச்சிலேயே சொன்னார்.

அடுத்த வருஷம் அதே கரும்புள்ளிகளைக் கையில் எடுத்தார். ஆடும் ஊசல் மேல் பையன்கள் சிலர் பட்டாணி எறிந்தால் ஆட்டம் எப்படி இருக்கும்? சுழற்சி இருக்கும், கடிகார ஒழுங்கு இருக்காது. ஆகவே, போன இரு வருஷத்து எண்கள், கூடவே ஒரு பட்டாணி. இந்த வருஷத்து எண் தயார். இன்றைக்குப் பங்குச் சந்தைக்காரர்களும் மத்திய வங்கிகளும் ஓட்டும் தன்தொடர்பு மாதிரிகளுக்கு மூதாதை அதுதான்.

பொருளியல் அறிஞர்கள் காதில் இதெல்லாம் ஏற 1974 ஆயிற்று. கிரேஞ்சரும் நியூபோல்டும் தற்செயல் எண்களால் நடக்கவிட்ட தொடர்களை ஜோடி ஜோடியாகப் பொருத்தினார்கள். பெரும்பாலான ஜோடிகளுக்கு வழக்கமான சோதனை 'ஆழ்ந்த உறவு' என்று சான்றிதழ் கொடுத்தது. அப்புறமும் சிலர் திருந்தவில்லை. அவர்களைக் கிண்டல் செய்ய 1980இல் பொருளியலாளர் டேவிட் ஹென்ட்ரி, பிரிட்டிஷ் விலைவாசியைப் பணப்புழக்கத்தைவிடப் பிரமாதமாக விளக்கும் ஒரு காரணியை முகத்தில் சிரிப்பில்லாமல் எடுத்து நீட்டினார்: அந்நாட்டில் பெய்த மழையின் கூட்டுத்தொகை. இந்தியா வரை வரவேண்டிய சிரமம்கூட இல்லை.