கலெக்டர் கட்சி

பெர்கன், நார்வே
ஐப்பசி மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தென்காசிப் பக்கம் நம்ம மேலகரத்தில் அடைமழை பிடித்திருக்கும். இங்கே இலையுதிர்கால மழை பிடித்துவிட்டது என்று எழுத ஆசைதான். போன மழை விட்டால்தானே இந்த மழை பிடிப்பதற்கு? ஆண்டுக்கு ஏறத்தாழ 225 செ.மீ., அதுவும் 200 நாளுக்கு மேல் பரவிப் பெய்கிறது. 2006 அக்டோபர் 29 முதல் 2007 ஜனவரி 21 வரை 85 நாள் ஒரு நாள்கூட விடாமல் பெய்ததை இந்த ஊர்க்காரர்கள் கல்யாண ஆல்பம் மாதிரி எடுத்து எடுத்துக் காட்டுகிறார்கள். குடை இங்கே செல்லாது, கடல்காற்று கம்பியைத் திருப்பிவிடும். ஆகவே பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் மழைக்கோட்டும் பூட்ஸும்தான். பால்வாடிப் பிள்ளைகளுக்குக்கூட ரப்பர் உடுப்பை மாட்டி மழையிலேயே விளையாட விடுகிறார்கள். நம்ம ஆச்சிமார் பார்த்தால் போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, மோசமான உடுப்புதான் உண்டு என்பது இவர்கள் பழமொழி.

வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்தில் இதற்கு அடுத்த வரி என்னவென்று உங்களுக்கே தெரியும்: “நம்ம ஊரில் நாலு தூறல் போட்டால் கலெக்டர் லீவு விட்டுவிடுகிறார்.” உங்களுக்கும் அந்த ஆதங்கம் உண்டு. இந்த விஷயத்தில் நான் கலெக்டர் கட்சி. மழையை ஆண்டுக் கணக்கில் அளந்தால் பெர்கன் ஜெயிக்கும். மணிக் கணக்கில் அளந்தால்தான் சங்கதி விளங்கும். 225 செ.மீ.யை மழை நாட்களுக்குப் பங்குவைத்தால் நாளுக்கு ஒரு செ.மீ. சொச்சம். இது தவணை மழை. 2023 டிசம்பர் 17, 18இல் நம்ம காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. பெர்கனுக்கு அது ஐந்து மாதச் சம்பளம். அந்த மழைக்கு எந்தக் கடையில் கோட்டு வாங்குவது? பழமொழி சொன்னவர் வங்காள விரிகுடாவைப் பார்க்காதவர். அவர்மேல் குற்றமில்லை. இங்கே கடலும் காற்றும் குளிர்ச்சி, குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைச் சுமக்க முடியாது. நம்ம கடல் கொதிப்பது, அதன் மேகம் மொத்த வியாபாரி.

“அதெல்லாம் சாக்கு, அவர்களுடைய வடிகாலைப் பார்” என்பீர்கள். பார்த்தேன். ஊரே மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் கொஞ்ச தூரம் உருண்டால் கடல். தாமிரபரணிக் கடைமடைக்கு அந்த வசதி ஏது? சமதரையில் தண்ணீர் குளம் குளமாக இறங்கவேண்டும். ஒரு கரை உடைந்தால் அடுத்த குளமும் தாங்காது. 2023இல் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் நின்றுபோனது அப்படித்தான். குளத்தையும் ஓடையையும் ஆக்கிரமித்து வீடு கட்டியது நம்ம தப்பு, அதை மறுக்கமாட்டேன். ஆனால் நல்ல நிர்வாகம் மட்டும் போதும் என்றால், 2005 செப்டம்பர் 14ஐக் கணக்கில் எடுங்கள். அன்று பெர்கனில் ஒரே நாளில் 15 செ.மீ.க்கு மேல் பெய்தது. வரி, பொறியாளர், வடிகால் எல்லாம் அப்போதும் இருந்தன. ஆனாலும் மலைமண் சரிந்து வீடுகள்மேல் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். காயல்பட்டினம் கண்டது அதைப்போல் ஆறு மடங்கு.

மலை இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு என்று ஒப்பிடுவதிலும் ஒரு கோளாறு. மேல்காற்று மலையில் முட்டிக் கொட்டும் பக்கம் பெர்கன். அதாவது இது கேரளம். நம்ம தென்காசியோ மலைக்கு அந்தாண்டை. ஆரியங்காவுக் கணவாய் கொஞ்சம் இரக்கப்பட்டு ஆனி, ஆடியில் சாரலை அனுப்பாவிட்டால் குற்றாலத்தில் சீசனே கிடையாது. நார்வேயின் மறைவுப் பக்கத்தில் ஷோக் என்று ஓர் ஊர், ஆண்டுக்கு 30 செ.மீ. வந்தாலே பெரிது, பழங்காலத்திலிருந்தே வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சித்தான் பயிர் செய்திருக்கிறார்கள். நம்மோடு பேச அவர்களுக்குத்தான் யோக்கியதை. (நம்ம ஊர் திரிகூடராசப்பக் கவிராயர் பெர்கனில் பிறந்திருந்தால் குறவஞ்சி பாடியிருப்பாரா என்பது சந்தேகம். வருஷம் பூரா கொட்டும் அருவியை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?)

ஆகவே லீவு விட்டதற்காகக் கலெக்டரையோ, வீட்டில் கிடக்கும் தம்பியையோ வையாதீர்கள். ஆனால் லீவு விட்ட கையோடு அருவிக்குக் கிளம்பினால் கட்டாயம் வையுங்கள். 2024 மே 17இல் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயசுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. சித்தியிடம் சொல்லி மோர்மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே எதுவும் காயாது.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்