பாதி ஷட்டர் ராஜ்ஜியம்

சென்னையில் இரவு 11 மணிக்கு மேல் பசிப்பது குற்றம் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. எழுத வேண்டிய தேவையும் இல்லை. ரோந்து வண்டியின் சுழல்விளக்கு தெருமுனையில் தெரிந்தால் போதும். கொத்துப் பரோட்டாவின் தாளம் பாதியில் நிற்கும். மாஸ்டர் அடுப்பை அணைப்பார், பையன் ஸ்டூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான். பாதித் தோசையோடு உட்கார்ந்திருப்பவர் தட்டைக் கையில் ஏந்தியபடி எழுந்து நிற்பார், கொலைக் குற்றவாளி மாதிரி. ஒலிபெருக்கியில் இரண்டே சொல்: "கடைய மூடுறா!" கடைக்காரருக்கு அறுபது வயது.

அரசாங்கம் என்ன சொல்கிறது என்று பார்த்தாலோ வயிறு குளிர்ந்துவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தது. மூன்றாண்டுக்குச் செல்லும். 2022-இல் மேலும் மூன்றாண்டு நீட்டினார்கள். 2025-இல் இன்னொரு மூன்றாண்டு. அதை வணிகர் மாநாட்டு மேடையிலேயே முதலமைச்சர் அறிவித்தார். நடுவில் ஆட்சியே மாறிவிட்டது, ஆணை மாறவில்லை. தெருமுனை ஒலிபெருக்கியும் மாறவில்லை. கோட்டையில் கையெழுத்தான காகிதம் 2019 முதல் நடந்தே வருகிறது போலும். ராத்திரியில் வழியில் சாப்பிட எதுவும் கிடைக்காமல் எங்கேயோ மயங்கி விழுந்திருக்க வேண்டும்.

அந்தப் பத்துப் பேர் கணக்கைப் போட்ட மகராசன் யாரோ, அவருக்குச் சிலை வைக்கலாம். தெருவோர பரோட்டாக் கடையை எண்ணிப் பாருங்கள். மாஸ்டர், மாவு பிசைகிறவர், சப்ளையர், பாத்திரம் கழுவும் அம்மா, கல்லாவில் முதலாளி. ஐந்து. தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அக்காவுக்கு ஆள்பலம் ஒன்று. மகனுக்குப் பரீட்சை இல்லாத நாளில் இரண்டு. நள்ளிரவில் இந்த ஊருக்குச் சோறு போடுவது இவர்கள்தான், ஆணையில் இடமில்லாததும் இவர்களுக்குத்தான். தெரு வியாபாரிகளைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அந்தச் சட்டத்தைக் காட்டி வண்டியைக் காப்பாற்ற முடிகிறதா என்று அக்காவிடம் கேளுங்கள். கரண்டியால் பதில் சொல்வாள்.

கேட்டால் சட்டம் ஒழுங்கு என்பார்கள். குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்கிறார்களாம். குடிக்க ஊற்றிக் கொடுத்தது யார்? பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் டாஸ்மாக்கை நடத்துவது தோசைக்கடைக்காரரா? அரசாங்கமே கடை போட்டு, பத்து மணிக்கு அத்தனை பேரையும் ரோட்டில் இறக்கிவிடும். பதினோரு மணிக்குள் அவர்கள் சாப்பிட்டு, தெளிந்து, வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் தண்டனை இட்லி அவித்தவருக்கு.

குடிக்காமல் விழித்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கத்தான் ஆளில்லை. சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வளாகத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நோயாளிகளின் உறவினர்கள், கோயம்பேட்டில் நள்ளிரவு லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள், ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் கார் ஓட்டுநர்கள், நைட் டியூட்டி நர்ஸ், ஏ.டி.எம். காவலாளி. இவர்கள் ராத்திரி வேலை பார்க்கலாம். அது பொருளாதார வளர்ச்சி. வேலைக்கு நடுவே நாலு இட்லி கேட்டால் மட்டும் பொது அமைதி கெட்டுப்போகும்.

மாடியில் இருப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. நள்ளிரவு ஒரு மணிக்குப் போனைத் தட்டினால் பிரியாணி வரும். எங்கிருந்து? அதே தெருவில், ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கும் சமையல்கூடத்திலிருந்து. வாசலில் ஸ்விக்கி, சொமேட்டோ சட்டைகள் வரிசையில் நிற்கும்; ஒவ்வொருவராகக் குனிந்து பொட்டலம் வாங்கிப் போவார்கள். பசிக்கிறவர் ஏசி அறையில் இருந்தால் வாடிக்கையாளர், ரோட்டில் நின்றால் கும்பல். முதுகில் அடுத்தவரின் பிரியாணியைச் சுமந்து போகிற அந்தப் பையன், அதே ஷட்டரடியில் ஒரு ஸ்டூல் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் அவனும் கும்பல்தான்.

பண்பாட்டுக் காவலர்களுக்காக ஒன்று. மதுரைக்காஞ்சியைப் புரட்டிப் பாருங்கள். பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று மதுரை நகரத்துக்கு இரண்டு சந்தை இருந்தது. நடுஜாமத்தில் அடை சுடுகிறவர்கள் அசந்து தூங்கும் காட்சியும் அதில் உண்டு. தூக்கம் வந்ததால் தூங்கினார்கள், யாரும் லத்தியால் தட்டித் தூங்கவைக்கவில்லை. ஊர்க்காவலரும் அதே பாட்டில் வருகிறார்கள், கள்வரைத் தேடிக்கொண்டு. அடைக்கல்லை ஜப்தி செய்ததாக மாங்குடி மருதனார் பாடவில்லை.

இதெல்லாம் வேடிக்கை என்று சிரிக்கிறவர்களுக்குச் சாத்தான்குளம் மறந்திருக்கலாம். 2020 ஜூன், ஊரடங்குக் காலம். அனுமதித்த நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லித்தான் தகப்பனையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இருவரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. காவலர்கள்மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது சிபிஐ. கடை மூடும் நேரத்தைச் சொல்ல ஒரு சீருடை வரும்போது அடுப்பை அணைக்கிறவரின் கை ஏன் நடுங்குகிறது என்று இனிக் கேட்காதீர்கள்.

ரோந்துக்காரருக்கும் பசிக்கும், அதையும் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்கு அவருக்கு மட்டும் எங்கே கிடைக்கும்? 11 மணிக்கு அவரே மூடவைத்த கடையின் பாதி ஷட்டர், விளக்கணைத்த வண்டியைப் பார்த்ததும் முழுசாக உயரும். கல் மறுபடி சூடாகும். ஆறு பரோட்டா, இரண்டு கரண்டி ஆம்லெட், சால்னா தனியாகப் பார்சல். காசு கொடுப்பது பற்றி 2019 ஆணையில் எதுவும் இல்லை. 2022, 2025 நீட்டிப்புகளிலும் அதைச் சேர்க்க விட்டுப்போயிற்று.