விறகு வி.பி.பி.

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கு ரோஜாச் செடி செடியாக வந்ததே இல்லை. இலை, மொட்டு, மண் எதுவும் இருக்காது. ஈரப் பாசி சுற்றி, பாலிதீன் கட்டி, சாக்கில் வைத்துத் தைத்த ஒரு நீளப் பொட்டலம், அவ்வளவுதான். பெங்களூர் நர்சரிக்காரர் டிசம்பர், ஜனவரியில் அனுப்பினால்தான் உண்டு; வெயில் காலத்தில் வழியிலேயே வேர் காய்ந்துவிடும். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, “சார், உங்க விறகு வந்திருக்கு!” என்பார். வி.பி.பி. ஆயிற்றே, பணம் கட்டாமல் பிரிக்க முடியாது. கட்டிப் பிரித்தால் நிஜமாகவே விறகு. “அடுப்புக்கும் ஆகாத சுள்ளிக்குத் தபால் செலவு வேறயா?” என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விடுவாள்.

அப்பாவுக்கு அது காதில் விழாது. சுள்ளிகளை ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப் போடுவார். காலையில் நசுங்கிய வேரை நறுக்கிவிட்டு, ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுவார். ஒவ்வொன்றின் கழுத்திலும் கம்பியில் ஒரு தகரச் சீட்டு: கிறிஸ்டியன் டியோர், பாப்பா மெய்லாண்ட், குயின் எலிசபெத், பீஸ். சங்கீதக்காரர்களைப் பற்றிப் பேசுகிற தோரணையில் அந்தப் பெயர்களைச் சொல்வார். எதிர்வீட்டு மாமிக்கு மட்டும் அது கடைசிவரை ‘கிருஷ்ணன் தியோர்’தான்.

விலைப்பட்டியலில் படம் கிடையாது. பெயர், ‘கருஞ்சிவப்பு, நல்ல மணம்’ என்று அரை வரி, விலை. அந்த அரை வரியை நம்பி மணியார்டர் கமிஷனும் சேர்த்துக் கட்டினோம். சிவப்பு என்று எழுதி வாங்கிய ஒன்று ஒரு வருஷம் கழித்து ரோஸ் கலரில் பூத்தது. அப்பா அசரவில்லை. “தஞ்சாவூர் வெயிலுக்குக் கலர் கொஞ்சம் வெளிறும்” என்றார். எதிர்த்துப் பேச யாரிடம் படம் இருந்தது?

தபாலில் ரோஜா வருவதைக் கேலி செய்தால் ‘பீஸ்’ கதையை எடுத்துவிடுவார். பிரான்சில் மெய்லாண்ட் குடும்பம் உருவாக்கிய ரகம் அது. 1939இல் யுத்தம் மூளுகிற நேரத்தில் அதன் ஒட்டுக் குச்சிகளைப் பொட்டலம் கட்டி வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கா போய்ச் சேர்ந்தது பிழைத்து வளர்ந்து, 1945இல் பெர்லின் வீழ்ந்த சமயத்தில் ‘பீஸ்’ என்று பெயர் சூட்டப்பட்டது. “ஹிட்லரையே தாண்டிப் போன பார்சல். பெங்களூர் பார்சலுக்கு என்ன கேடு?”

இப்போது என் மகள் சென்னை மொட்டைமாடிக்கு போனிலேயே செடி வாங்குகிறாள். படங்களுக்குக் குறைவில்லை. பெயர்தான் இல்லை. ‘நீல ரோஜா, அபூர்வ ரகம், 70 சதவீதத் தள்ளுபடி’. நீலம் தருகிற டெல்ஃபினிடின் என்ற நிறமி ரோஜாவில் இயற்கையாகக் கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி 2009இல் விற்க ஆரம்பித்ததுகூட நீலம் அல்ல, இளம் ஊதாதான். இதைச் சொன்னேன். “ரிவ்யூ பாருங்கப்பா, 4.3” என்றாள். அறிவியலுக்கு அவ்வளவு ஸ்டார் இல்லை.

ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம், பேக்கிங். அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி, அதற்குள் தேங்காய் நார்த்தூள் பையில் பச்சைப்பசேலென்று செடி. வி.பி.பி.க்கு இன்றைய பெயர் கேஷ் ஆன் டெலிவரி. கொண்டுவந்த பையன் ஓ.டி.பி. வாங்கிக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே அடுத்த மாடிக்குப் பறந்தான்.

ஒரு வாரத்தில் இலை கொட்டியது. பிறகு ஒட்டுக்கு மேலே இருந்ததெல்லாம் கருகி, முடிச்சுக்குக் கீழேயிருந்து ஒரு கிளை கிளம்பியது. ஏழேழு சிற்றிலை, தளதளவென்று ஆள் உயரம். ஒட்டுக் கட்டப் பயன்படுத்திய காட்டு ரோஜா அது. மகள் புகார் எழுதினாள். எதிர்முனையில் மனிதர் யாரும் இல்லை. கேள்விகள் மட்டும் வந்தன.

“உங்கள் செடி உயிருடன் உள்ளதா? ஆம் / இல்லை.”

பொய் சொல்லத் தெரியாத பெண். ‘ஆம்’ அழுத்தினாள்.

“மகிழ்ச்சி! எங்களுக்கு ஐந்து ஸ்டார் தருவீர்களா?”