சித்திரத்தில் ஈ மொய்ப்பதில்லை

கேள்வி: வெள்ளைக்காரர் வரைந்த பழைய சென்னைச் சித்திரங்களில் வீதிகள் அத்தனை விசாலமாகவும் மாளிகைகள் அத்தனை வெண்மையாகவும் இருக்கின்றனவே, நகரம் மெய்யாகவே அப்படித்தான் இருந்ததா?
– ஒரு வாசகி, பாம்பூஃப்ளாட், அந்தமான்

பதில்: வெண்மை மெய்தான், கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சலவைக்கல்லென மெருகேற்றும் வித்தை அன்றைய சென்னைக் கொத்தர்களுக்குக் கைவந்திருந்தது. 1792-இல் அங்கு வந்த சித்திரக்காரர் தாமஸ் டானியலும் அவருடைய சகோதரர் புதல்வர் வில்லியமும், கோடு பிசகாதிருக்கும் பொருட்டு, காட்சியைக் காகிதத்தில் விழச் செய்யும் இருட்டுப்பெட்டி என்னும் யந்திரத்தின் சகாயத்தையும் நாடியவர்களாதலால், தூண்களின் அளவு விஷயத்தில் அவர்களைத் தாராளமாகச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். ஆனால், 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியான அவர்களுடைய 144 இந்தியச் சித்திரங்களை விலை கொடுத்து வாங்கி வரவேற்பறையில் மாட்டும் கனவானுக்கு, ஈயையும் துர்க்கந்தத்தையும் எவர் அச்சிட்டுக் கொடுப்பார்? அவ்வளவு தூரம் போவானேன்! தங்கள் ஊருக்கு மேலேயுள்ள, முன்பு மவுண்ட் ஹாரியட் எனப்பட்ட குன்றிலிருந்து தெரியும் காட்சியைப் பழைய 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் பொறித்த ரிசர்வ் வங்கி, தென்னையையும் கடலையும் போட்டதேயன்றி, சாத்தம் படகுக்காகக் காத்து நிற்கும் ஜனத்திரளைப் போட்டதா?