பர்மா விலைப்பட்டியல்

செட்டிநாட்டுக் கண்டனூரில் பிறந்த ஒருவர் டெல்லியில் பலமுறை பட்ஜெட் வாசித்துவிட்டார். அந்தத் தைரியத்தில் நானும் முதலீடு பற்றி எழுதுகிறேன். எந்தப் பங்கையும் வாங்கச் சொல்வதில்லை. பர்மாவைப் பற்றி மட்டும் எழுதுவேன்.

1930-களில் அங்கே நெல் விலை சரிந்தது. கடனைப் பணமாகத் திருப்ப முடியாதவர்கள் ஈடு வைத்த வயல்கள், கடன் கொடுத்திருந்த செட்டியார்கள் பெயருக்கு மாறின. 1930-ல் அவர்கள் கையில் இருந்தது கீழ்பர்மா நெல்வயலில் சுமார் 6 சதவீதம். பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய கால்வாசி. இன்றைக்கென்றால் பச்சைக் கோடு போட்ட படத்தோடு ‘நான்கு மடங்கு லாபம்!’ என்று தலைப்பு வைத்திருப்பார்கள். 1942-ல் ஜப்பான் படை வந்தது. அசையாச் சொத்து பெயருக்கேற்ப அசையாமல் அங்கேயே கிடந்தது. சொத்துக்காரர்கள்தான் ஊருக்குக் கிளம்பினார்கள். பிறகு சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது.

செட்டியார்களின் பழைய பேரேட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே வரவும் பற்றும் ஒரே மையில் இருக்கும். இன்றைய ஆலோசகர்களின் கைப்பேசியில் பற்றுப் பக்கம் மட்டும் ஏனோ படம் பிடிபடுவதில்லை.

இவ்வளவும் எழுதினால் இளவட்டம் கேட்பது ஒன்றுதான்: “அதெல்லாம் சரிண்ணே, நாளைக்கு எது ஏறும்?”

முதலீட்டுப் பாடம் மட்டும் நடத்துகிறவர்கள் கடந்த மூன்று மாதப் பங்கு விலையைக் காட்டக் கூடாது என்று 2025 ஜனவரியில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொல்லிவிட்டது. சக எழுத்தாளர்கள் கலங்கிப் போனார்கள். எனக்கென்ன, நான் காட்டுவது 1930-ஆம் வருட நெல் விலை.