தெற்கே ஒரு சாய்வு

எங்கள் வீட்டுக்கு யாராவது வழி கேட்டால் மனைவி தெருப்பெயரைச் சொல்வதில்லை. "கிறிஸ்துமஸ் மரம் தெரியுதுங்களா? அதுக்கடியில ஒரு வீடு இருக்கும், வந்துருங்க" என்கிறாள்.

நர்சரியில் வாங்கும்போது அது முழங்கால் உயரம். "ஹால்லயே வெச்சுக்கலாமுங்க" என்று கொடுத்தார்கள். நார்ஃபோக் தீவுப் பைன் என்று பெயரும் சொன்னார்கள். அந்தப் பெயரில் விற்பனையாவதில் பலவும் அதன் பங்காளியான குக் பைன். நியூ கலிடோனியாவில் பிறந்த சாதி. சொந்த ஊரில் 60 மீட்டர் வரை போகும். யானைக்குட்டி விற்பவன் தாய் யானையைக் காட்டுவானா?

1774-இல் கேப்டன் குக் கப்பலில் இருந்தபடி இம்மரங்களைத் தொலைவில் பார்த்தார். மரம்தான் என்றார் அவர். கூட வந்த இயற்கை அறிஞர்களோ கல்தூண் என்று சாதித்தார்கள். கிட்டே போய்ப் பார்த்த பிறகே வழக்கு தீர்ந்தது. எங்கள் தெருவில் இன்னும் தீரவில்லை. மாடியில் வடாம் காயப்போடும் பெரியம்மா, "செல்போன் டவருக்கு மாச வாடகை எவ்வளவு சாமி தர்றாங்க?" என்று விசாரித்தார்.

உண்மையான சிக்கல் தெற்கு வீட்டில். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற தாசில்தார். எல்லைக்கல்லைத் தூக்கத்திலும் கண்காணிப்பவர்.

"ஏனுங் தம்பி, உங்க மரம் எங்க ஊட்டுப் பக்கமே சாயுதுங்களே?"

தைரியம் சொல்வதாக நினைத்து அறிவியலை எடுத்துவிட்டேன். ஐந்து கண்டங்களில் 256 குக் பைன்களை அளந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. வடகோளத்து மரங்கள் தெற்கேயும், தென்கோளத்து மரங்கள் வடக்கேயும், அதாவது பெரும்பாலானவை நிலநடுக்கோட்டைப் பார்த்துச் சாய்கின்றன. சராசரிச் சாய்வு எட்டரை டிகிரி. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகச் சாய்வு கூடும். "கோயமுத்தூரு 11 டிகிரியிலதானுங்க இருக்குது, பயமில்லை" என்று முடித்தேன்.

"அப்ப டெல்லியில வெச்சிருந்தா இந்நேரம் எங்க ஊட்டு மேல இருக்கும்ங்கறீங்க."

டெல்லியில் வைத்தால் இவர் வீட்டு மேல் எப்படி விழும் என்று கேட்க வாயெடுத்தேன். தாசில்தாரிடம் எதிர்க்கேள்வி கேட்டு யார் ஜெயித்திருக்கிறார்கள்?

"உச்சிய மட்டும் வெட்டிப்போடுங்க தம்பி."

"உச்சி போனா அந்தக் கோபுர வடிவமே போயிருமுங்க."

"செரி, ஒரு பக்கக் கிளையாச்சும் குடுங்க. நட்டுப் பாக்கறேன்."

"பக்கக் கிளைய நட்டா நிமிராதுங்க. படுத்துக்கிட்டேதான் வளரும்."

அவர் முகம் முதன்முறையாக மலர்ந்தது.

"அதையே குடுங்க. எம்பட பசங்களோட நல்லா ஒத்துப்போகும்."